பீடத்தை விட்டு இறங்கிய நீல்

1927 ஆகஸ்ட் மாதம். சென்னை மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் கடைப் பக்கம், உயரமான பீடத்தின் மேல் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் வெண்கலச் சிலை நிற்கிறது. அதை நோக்கி இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் முகமது சாலியா, இன்னொருவர் சுப்பராயுலு நாயுடு. கையில் கோடரியும் சுத்தியலும். ஓங்கி அடிக்கிறார்கள். வெண்கலம் அவ்வளவு சுலபத்தில் உடைகிற பொருள் அல்ல. சிலைக்குச் சில காயங்கள், அடித்தவர்களுக்குச் சிறை. அன்றைய கணக்கு அதோடு முடிந்தது.

சிலைகளை அகற்றுவது பற்றியும் பள்ளிக்கூடங்களின் பெயரை மாற்றுவது பற்றியும் பேசவேண்டிய மேடையில் முதலில் இந்த இருவரை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூனில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். இது இந்தத் தலைமுறைக்கு வந்த புதுக் காய்ச்சல் என்று அப்போது பலர் எழுதினார்கள். சென்னைக்காரர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அதற்கு 93 வருடம் முன்பே இந்த ஊர் இதே கேள்வியைத் தெருவில் வைத்து விவாதித்தது. சிறைக்குப் போய் விவாதித்தது. பத்து வருடம் பொறுத்திருந்து ஒரு பதிலும் கண்டது.

மவுண்ட் ரோட்டுப் பீடத்தில் நின்றவர் ஜேம்ஸ் நீல். ஸ்காட்லாந்தின் அயர் வட்டாரத்தில் 1810-இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, 1857-இல் முதலாம் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவுக்குத் தலைவராக இருந்தார். வடக்கே சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் அந்தப் படை சென்னையில் கப்பலேறி கல்கத்தா போய் இறங்கியது. ரயில் காத்திருக்காது என்று சொன்ன ரயில்வேக்காரர்களை நீல் காவலில் வைத்துவிட்டு, தன் ஆட்கள் ஏறி முடிக்கிறவரை வண்டியை நிறுத்திவைத்தார். இந்தக் கதையை ஆங்கிலேயர்கள் வெகு காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நடந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. காசியிலும் அலகாபாத்திலும் விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமில்லாமல் ஆட்களைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். கிழவர்களும் பெண்களும் சிறுவர்களும் அதில் மாண்டதை ஜான் கே என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரே எழுதிவைத்திருக்கிறார். அலகாபாத்திலிருந்து கான்பூருக்குப் போகிற சாலையில் முன்படையோடு சென்ற மேஜர் ரெனோவுக்கு நீல் எழுத்திலேயே உத்தரவு கொடுத்தார். குறிப்பிட்ட கிராமங்களை அழிக்க வேண்டும், அங்குள்ள ஆண்களைக் கொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

கான்பூரின் பீபிகர் வீட்டில் 1857 ஜூலை 15 அன்று சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அது கொடும் பாதகம். அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிறகு அங்கே வந்து சேர்ந்த நீல், பிடிபட்டவர்களைத் தூக்குமேடைக்கு அனுப்புவதற்கு முன் அந்த வீட்டுத் தரையில் உறைந்திருந்த ரத்தத்தில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்யச் சொன்னார். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. உயிரை எடுப்பதற்கு முன் அவர்களுடைய ஆசாரத்தைக் குலைத்து அவமானப்படுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். கடிதத்தில் அவரே அதை மறைக்காமல் எழுதினார். செப்டம்பர் 25-ஆம் தேதி லக்னோவில் குண்டு பாய்ந்து இறந்தார்.

சில வருடங்களுக்குள், 1860-களின் தொடக்கத்தில், மேத்யூ நோபிள் என்ற லண்டன் சிற்பி வார்த்த நீல் சிலை மவுண்ட் ரோட்டுக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு குரல் எழும். அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கலாமா? நியாயமான கேள்விதான். அப்படியானால் அந்தக் காலத்துத் தராசையே எடுத்துக்கொள்ளலாம். 1857 ஜூலை மாத முடிவில் கவர்னர் ஜெனரல் கானிங், கண்மூடித்தனமான தண்டனைகளுக்குக் கடிவாளம் போடும் ஆணை ஒன்றை வெளியிட்டார். அதற்காக அவருக்குக் கிடைத்தது 'கருணை கானிங்' என்ற ஏளனப் பட்டம். கான்பூரில் ரத்தம் துடைக்க வைக்கிற தண்டனையை, பின்னால் அங்கே வந்த தளபதி காலின் கேம்பல் நிறுத்தினார். அது கிறிஸ்தவ அரசாங்கம் செய்யத் தகாத காரியம் என்று அவர் நினைத்தார். நீலைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அவர் காலத்திலேயே, அவர் இனத்திலேயே, அவர் போட்ட அதே சீருடையில் இருந்தார்கள். அந்தக் காலம் ஒரே குரலில் பேசவில்லை. பல குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெண்கலத்தில் வார்த்தவர்கள் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தவர்கள்.

இந்தப் பேச்சு முழுவதற்கும் அச்சாணி அதுதான். சிலை, செத்தவரைப் பற்றிச் சொல்வதைவிட வைத்தவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. யார் வைத்தார்கள், எந்த வருடம், யார் பணத்தில், யார் கண்ணில் படும்படி என்று கேட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். சென்னைத் தெருவில் நடந்த ஒரு தமிழனுக்கு நீல் சிலை 1857 பற்றிய பாடம் எதையும் நடத்தவில்லை. இப்படிச் செய்தவருக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு என்று மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

சாலியாவும் நாயுடுவும் சிறைக்குப் போன பிறகு வழக்கு பெரிதாகிவிட்டது. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமையில் தொண்டர்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்கள் கைதானார்கள், அடுத்த வரிசை வந்தது. விருதுநகர் இளைஞர் காமராஜ் இந்தப் போராட்டத்துக்கு ஆள் திரட்டினார். கடலூரிலிருந்து அஞ்சலை அம்மாள் வந்தார். தனியாக வரவில்லை, மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாக்கண்ணு அப்போது பாவாடை கட்டிய சிறுமி. தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். அந்தச் செப்டம்பரில் சென்னைக்கு வந்த காந்தி சிறுமியைப் பற்றிக் கேள்விப்பட்டார். பின்னாளில் லீலாவதி என்று பெயர் சூட்டித் தம் ஆசிரமத்தில் வளர்த்தார். ஒரு சிலையை எதிர்த்துப் போன குழந்தைக்கு அதனால் ஒரு புதுப் பெயர் கிடைத்தது.

காந்திக்கு அந்தக் கோரிக்கை நியாயமாகத்தான் பட்டது. அவருடைய கவலை வேறு. சுத்தியல் தூக்குகிறவன் மனதில் நீலின் மீதோ அவர் இனத்தவர் மீதோ வெறுப்பு இருந்தால் அது சத்தியாகிரகம் ஆகாது என்றார். சொல்வதற்கு எளிது. கையில் கோடரியோடு நிற்கிறவனிடம் வெறுப்பில்லாமல் நில் என்று கேட்பது எத்தனை பெரிய காரியம்! ஆனால் அந்தக் கண்டிப்புதான் போராட்டத்தைக் கலவரமாக விடாமல் காத்தது. 1928-இல் சைமன் கமிஷன் வந்தது. கவனம் அங்கே திரும்பியது, நீல் பீடத்திலேயே நின்றார். 1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. அந்த வருடமே சிலை சாலையை விட்டு இறங்கியது. உருக்கவில்லை, கடலில் போடவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் அது இருக்கிறது.

ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவருமே என்ற பயத்துக்கும் சென்னையிலேயே பதில் இருக்கிறது. தீவுத்திடல் பக்கம் போகிறவர்கள் தாமஸ் மன்றோவைத் தினமும் பார்க்கிறார்கள். அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். சான்ட்ரி செய்த சிலை, 1839-இல் நிறுவியது. மன்றோ ஒன்றும் விடுதலை வீரர் அல்ல. கம்பெனி ஆட்சியை ஊர் ஊராக ஊன்றியவர், பாரமகாலில் வரி வசூலித்தவர், பிறகு சென்னை மாகாண கவர்னர். ஆனால் குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் என்றும், குடியானவர்களின் குறை கேட்டவர் என்றும் அவருக்கு ஒரு பெயர் நின்றது. ராயலசீமைப் பக்கம் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1827-இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். நீலை இறக்கச் சொல்லிச் சிறைக்குப் போனவர்கள் அதே ஊரில் நின்ற மன்றோவை இறக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரர் என்பதற்காக யாரையும் இறக்கவில்லை.

இதே சென்னையில் இதற்கு நேர்மாறான காட்சியும் நடந்தது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நிறுவிய கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் அகற்றினார்கள். லாரி மோதியது, பீடம் சேதமானது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றெல்லாம் சொன்னார்கள். ஊர் அதை நம்பவில்லை. ஐந்து வருடம் கழித்து ஆட்சி மாறியதும், 2006 ஜூனில், கண்ணகி மீண்டும் மெரினாவில் நின்றாள். நீல் சிலையை யாரும் திருப்பி வைக்கவில்லை. பத்து வருடம் பகிரங்கமாகக் காரணம் சொல்லி வாதாடி எடுத்த முடிவு நிற்கும். காரணத்தை மென்று விழுங்கிவிட்டு இரவோடு இரவாகச் செய்தது அடுத்த தேர்தல் வரைதான் தாங்கும்.

பிரிஸ்டலுக்குப் போகலாம். எட்வர்ட் கோல்ஸ்டன் 1636-இல் பிறந்து 1721-இல் இறந்தவர். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் 1680 முதல் 1692 வரை பங்கும் பொறுப்பும் வகித்தார். அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனி ஏறத்தாழ 84,000 ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அடிமைகளாகக் கொண்டுபோனது. அவர்களில் சுமார் 19,000 பேர் வழியிலேயே இறந்தார்கள். சேர்த்த பணத்தில் கோல்ஸ்டன் பள்ளிகளும் தரும விடுதிகளும் கட்டினார். அவருக்குச் சிலை எழுந்ததோ 1895-இல், அவர் இறந்து 174 வருடம் கழித்து. பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டே அப்போது 62 வருடம் ஆகியிருந்தது. உள்ளூர் வியாபாரி ஒருவர் முயன்று வைத்த சிலை. நன்கொடை கேட்டும் தேவையான பணம் முழுக்கச் சேரவில்லை. ஆக, ஊரே கூடிக் கொண்டாடி வைத்தது என்றும் சொல்ல முடியாது.

சிலைக்கு அடியில் இருந்த பலகை அவரை நகரத்தின் நற்குணமும் ஞானமும் நிறைந்த பிள்ளை என்று போற்றியது. அடிமை வியாபாரம் பற்றி ஒரு சொல் இல்லை. அதைச் சேர்த்து இரண்டாவது பலகை வைக்கலாம் என்று 2018-இல் பேச்சு நடந்தது. எந்தச் சொல்லைப் போடலாம், எதை எடுக்கலாம் என்று இழுபறி. கடைசியில் வாசகம் நீர்த்துப்போய்விட்டது என்று 2019-இல் மேயர் மார்வின் ரீஸ் அதை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் ஜூன் 7-ஆம் தேதி கயிறு வந்தது. சட்டப்படி போகிற பாதையை நகரத்தார் அடைத்துவைத்த பிறகுதான் மக்கள் கயிற்றை எடுத்தார்கள். இழுத்துத் தள்ளியது சரியா என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டு வருட இழுபறியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சிலையைத் தெருவில் உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். பக்கத்தில் இருந்த பாலத்தின் பெயர் பெரோ பாலம். பிரிஸ்டலுக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் அடிமையின் பெயர் அது.

நான்கு நாள் கழித்துச் சிலையை வெளியே எடுத்தார்கள். சேற்றைக் கழுவும்போது கோட்டின் வால்பகுதிக்குள் ஒரு சுருள் கிடைத்தது. 1895-ஆம் வருடத்து 'டிட்-பிட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை. அதன் மேல் கையால் எழுதிய சில பெயர்கள், அன்று சிலையைப் பீடத்தில் நிறுத்திய தொழிலாளிகளின் பெயர்கள். கோல்ஸ்டனின் பெயரை நூற்றாண்டுக்கு மேல் ஊரே உச்சரித்தது. சுமை தூக்கி அவரை நிமிர்த்தியவர்களுடைய பெயர் அவருடைய கோட்டுக்குள் மடங்கிக் கிடந்தது. சிலை விழுந்ததால் வரலாறு அழிந்தது என்கிறார்கள். இந்த ஒரு தாளாவது, விழுந்ததால்தான் வெளியே வந்தது. 2021-இல் எம் ஷெட் அருங்காட்சியகத்தில் சிலையைப் படுக்கவைத்தே காட்டினார்கள். போராட்டக்காரர்கள் மேலே பூசிய வண்ணத்தை அழிக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமும் நகரத்தாரிடமும் கருத்துக் கேட்டார்கள். பிரிஸ்டல்வாசிகளில் ஐந்தில் நான்கு பேர் இது அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். சென்னை முன்பே வந்து சேர்ந்த அதே இடம்.

சிலையைவிடப் பள்ளிக்கூடத்தின் பெயர் சிக்கலானது. சிலையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். பள்ளியின் பெயரைச் சட்டைப்பையில் குத்திக்கொள்ள வேண்டும், நோட்டுப்புத்தகத்தின் மேல் எழுத வேண்டும், மாற்றுச் சான்றிதழில் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். பிரிஸ்டலில் கோல்ஸ்டன் பெண்கள் பள்ளி மாணவிகள் நிறுவனர் நாளில் வெண்கல நிறச் செவ்வந்திப் பூவை நெஞ்சில் குத்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போவது வழக்கம். அது கோல்ஸ்டனுக்குப் பிடித்த பூவாம். அந்த மாணவிகளில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. பாட்டனின் பாட்டனைக் கப்பலில் ஏற்றிய கம்பெனிக்காரருக்குப் பிடித்த பூ பேத்தியின் நெஞ்சில். யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமை அல்ல. வழக்கம் என்பதாலேயே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2020 நவம்பரில் அந்தப் பள்ளி, மாணவிகளும் ஆசிரியர்களும் வாக்களித்தபின், மான்ட்பிலியர் உயர்நிலைப் பள்ளி ஆனது. அதே ஊரில் கோல்ஸ்டன் ஆரம்பப் பள்ளி சிலை விழுவதற்கு முன்பே, 2018-இல், சத்தமில்லாமல் காதம் கார்டன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் யார் வைத்தது, எப்போது என்ற கேள்விக்கு இன்னும் கூர்மை உண்டு. பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். வர்ஜீனியா மாநிலம் அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பிடிவாதமாக நின்ற வருடங்களில்தான், 1950-களின் கடைசியில், ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம் ஒரு புதுப் பள்ளிக்கு அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி ஜெப் ஸ்டூவர்ட்டின் பெயரை வைத்தது. ஸ்டூவர்ட் செத்து அப்போதே 90 வருடத்துக்கு மேல். அந்த நேரத்தில் அந்தப் பெயர் வரலாற்றுப் பிரியத்தால் வந்தது என்று நம்புவது கடினம். உள்ளே வரப்போகும் கறுப்புப் பிள்ளைக்கு வாசலிலேயே எழுதிவைத்த பதில் அது. 2018-இல் அந்தப் பள்ளி ஜஸ்டிஸ் உயர்நிலைப் பள்ளி ஆனது.

ஆனால் பெயர் மாற்றுகிறவர்களும் தவறுவார்கள். சான்பிரான்சிஸ்கோ பள்ளி வாரியம் 2021 ஜனவரியில் ஒரே மூச்சில் 44 பள்ளிகளின் பெயரை மாற்ற வாக்களித்தது. வாஷிங்டன், லிங்கன் பெயர்கள்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. பட்டியலைத் தயாரித்த குழு வரலாற்றாசிரியர்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அமெரிக்கப் புரட்சி வீரர் பால் ரிவியர் மீது சொன்ன குற்றச்சாட்டு ஒரு போர் நிகழ்ச்சியைத் தப்பாகப் படித்ததால் வந்தது. அலமோ என்ற பள்ளிப் பெயர் டெக்ஸாஸ் போரைக் குறிப்பது என்று நினைத்துவிட்டார்கள். ஸ்பானிஷ் மொழியில் அது ஒரு மரத்தின் பெயர். கோவிட் காரணமாகப் பள்ளிகள் பூட்டிக் கிடந்த நேரம். பிள்ளைகளை உள்ளே விடாமல் பெயர்ப்பலகையைப் பார்க்கிறார்களே என்று பெற்றோர் கொதித்தார்கள். ஏப்ரலில் வாரியம் முடிவைத் திரும்பப் பெற்றது. அடுத்த பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்களை ஊர் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பியது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய காரியம், படிக்காமல் செய்ததால் நல்ல நோக்கத்துக்கே கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தது. வர்ஜீனியாவின் ஷெனந்தோவா மாவட்டம் இன்னொரு படி போனது. ஸ்டூவர்ட்டின் பக்கத்தில் நின்று போரிட்ட இன்னொரு தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின், அங்கே 2020-இல் எடுத்த பெயரை 2024-இல் பள்ளிக்குத் திருப்பி வைத்தார்கள்.

இந்த விஷயத்தில் பொறுமையாக வேலை செய்தது யேல் பல்கலைக்கழகம். அதன் கதை சென்னையிலிருந்து தொடங்குகிறது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680 அக்டோபரில் திறந்தது. அங்கே நடந்த முதல் கல்யாணம் அவருடையது. அவர் மகன் டேவிட் சிறு வயதில் இறந்து இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டான். சென்னையில் சேர்த்த செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிய யேல், 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசரின் உருவப்படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. உலகப் புகழ் பெற்ற அந்தப் பெயரே ஒரு பெயர் மாற்றம்தான்.

அந்தச் செல்வம் வந்த வழி அவ்வளவு சுத்தமானது அல்ல. பஞ்சத்தில் தவித்த 1680-களில் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களை வாங்கி விற்கும் தொழில் கொழித்தது. 1687-இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் கோட்டையிலிருந்து கப்பலேறியதாக ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர், என்ன பெயர் என்று எந்தப் பலகையிலும் இல்லை. இந்தப் பேச்சைக் கேட்கிறவர்களில் யாரோ ஒருவருடைய மூதாதையின் தம்பியோ தங்கையோ அந்த வரிசையில் நின்றிருக்கலாம்.

யேல் தன் சொந்தப் பெயரை மாற்றவில்லை. மாற்றியது உள்ளே இருந்த ஒரு விடுதிக் கல்லூரியின் பெயரை. அடிமை முறை நன்மையே என்று செனட் சபையில் வாதாடிய ஜான் கால்ஹூனின் பெயரை அதற்கு வைத்தது 1930-களின் தொடக்கத்தில். 2016-இல் முதலில் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அந்த ஜூனில், சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு கறுப்பினத் தொழிலாளி, தலையில் பருத்திக் கூடை சுமக்கும் அடிமைகளைத் தீட்டியிருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைத் துடைப்பக் கழியால் உடைத்துவிட்டார். கமிட்டிகள் சொல்லத் தயங்கியதை ஒரு கழி சொன்னது. பிறகு வரலாறு படித்த சட்டப் பேராசிரியர் ஜான் விட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்த மனிதர் விட்டுச்சென்றவற்றில் முதன்மையானது எது, அது நிறுவனத்தின் நோக்கத்தோடு முட்டுகிறதா, அவர் காலத்திலேயே அதை எதிர்த்தார்களா, பெயர் வைத்தவர்கள் எதற்காக வைத்தார்கள் என்று அளவுகோல்களை முதலில் எழுதினார்கள். அதன் பிறகுதான் கால்ஹூனை எடுத்து அளந்தார்கள். 2017 பிப்ரவரியில் அது கணினி விஞ்ஞானி கிரேஸ் ஹாப்பரின் பெயருக்கு மாறியது. அதே அளவுகோலை எலிஹு யேலின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு இன்னும் போகவில்லை. சென்னைக்காரர்களும் அதைக் கேட்கலாம். அவர்களுக்கு உரிமை உண்டு.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்பது போன்ற பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கி, எல்லாம் அரசுப் பள்ளி என்றே இருக்கட்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எந்தப் பள்ளி என்று கேட்டதும் ஒரு பிள்ளை தன் சாதியைச் சொல்லவேண்டி வருகிறது. அதைவிட அந்தப் பரிந்துரைக்கு வேறு காரணம் தேவையில்லை. 2025 ஜூலையில் அரசு தன் நலத்துறைகளின் மாணவர் விடுதிகளைச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது.

ஆனால் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு மக்கள் கூட்டத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டம். ஊர்க்காரர்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். அதற்குப் பணிய மறுத்ததால் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சூழலில் உருவான பள்ளிகள் இவை. அந்தச் சமூகத்தின் பொது நிதியும் சேர்ந்துதான் மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் இவற்றை வளர்த்தது. பெயரை எடுத்துவிட்டால் நாங்கள் பட்ட பாட்டுக்குச் சாட்சி எது என்று அங்கே சிலர் கேட்கிறார்கள். நீல் சிலை அடித்தவனைப் போற்றியது. இந்தப் பெயரில் அடிபட்டவனின் தழும்பு இருக்கிறது. அதே சமயம் 'சீரமைப்பு' என்ற சொல் யாரோ கெட்டுப்போய்க் கிடந்தார்கள் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயர்ப்பலகையை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். மாற்றுகிற அன்றே பெருங்காமநல்லூர் கதை அந்தப் பள்ளியின் சுவரில் ஏறியாக வேண்டும், அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுவைத்துக் கேட்டு எழுதியதாக. அது நடக்காமல் பலகையை மட்டும் கழற்றினால் அவர்களுடைய கோபம் நியாயமானதே.

நீலின் பெயர் வெகு காலம் வேறொரு இடத்தில் பிழைத்திருந்தது. அந்தமானில் ஒரு தீவு அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 2018 டிசம்பர் 30 அன்று அது ஷாகித் தீவு, தியாகியின் தீவு, ஆனது. ஸ்காட்லாந்தின் அயர் நகரத்தில் அதே மேத்யூ நோபிள் செய்த இன்னொரு நீல் வெலிங்டன் சதுக்கத்தில் நிற்கிறார். அவரை என்ன செய்வது என்பது அயர்க்காரர்கள் தீர்க்கவேண்டிய வழக்கு. எழும்பூரில் இருக்கும் நீல் சென்னையின் பொறுப்பு. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்சம் நிற்கட்டும். வெண்கலத்தில் கோடரி பட்ட கதையைச் சொல்லட்டும். முகமது சாலியா, சுப்பராயுலு நாயுடு, சோமயாஜுலு, அஞ்சலை அம்மாள் என்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வயதில்தான் அம்மாக்கண்ணுவும் சிறைக்குப் போனாள் என்பதையும் சேர்த்து.